தகரப் பெட்டியிலிருந்து ஆய்விதழுக்கு: ஊடக ஆய்வுக் கட்டுரை தயாரிக்கும் முறை

மலர்க் குழுவினர் இந்த முறை என்னிடம், "ஐயா, சமண இலக்கியம் போன தடவையே எழுதிட்டீங்க, இந்தத் தடவை நம்ம பிள்ளைங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது கொடுங்க" என்று அன்புக் கட்டளை இட்டார்கள். நம் குடும்பங்களில் மாஸ் மீடியா, ஜர்னலிசம் என்று படிக்கிற பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்தால் மேற்படிப்புக்கு நல்லது என்று கல்லூரிகளில் சொல்லுகிறார்களாம். நானோ பள்ளி இறுதி வகுப்போடு நின்ற பருப்பு வியாபாரி. ஆனாலும் ஓர் ஊடக ஆய்விதழில் ஒரே ஒரு கட்டுரை வெளிவருவதற்காக மூன்று ஆண்டுகள் பாடுபட்டவன் என்ற தகுதியில் இதை எழுதத் துணிகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் மலருக்கு எழுதுவது வேறு, ஆய்விதழுக்கு எழுதுவது வேறு. மலருக்கு நான் எழுதியனுப்பினால், 'நயினார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்' என்று நம்பி அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆய்விதழில் அந்த நம்பிக்கைக்கே இடமில்லை. வந்த கட்டுரையை ஆசிரியர் முதலில் பார்ப்பார். தேறும் என்று தோன்றினால், அதே துறையில் உள்ள இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். எழுதியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. படிப்பவர் யார் என்று நமக்கும் தெரியாது. 1665-ல் லண்டனிலும் பாரிசிலும் முதல் ஆய்விதழ்கள் தொடங்கியபோது இந்த ஏற்பாடு இப்படி இருக்கவில்லை. முகம் தெரியாதவர் தணிக்கை செய்யும் முறை எல்லா இதழ்களுக்கும் பொதுவானது பிற்காலத்தில்தான். கடைக்கு ஆடிட்டர் வருவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நல்லவரா என்பது அவருக்குத் தேவையில்லை. பில் எங்கே என்பார்.

என் கட்டுரைப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். 1981-ல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமாவின் கடைக்கு மும்பை மஸ்ஜித் பந்தர் வந்து சேர்ந்தேன். துவரம்பருப்பின் 'பாவ்' அகோலாவிலும் லாத்தூரிலும் குல்பர்காவிலும் ஏறி இறங்கும். அந்தச் செய்தி நம் கடைக்கு யார் மூலம், எத்தனை மணிக்கு வருகிறது என்பதில்தான் அன்றைய லாப நட்டமே இருந்தது. அஞ்சலட்டை, தந்தி, டிரங்க் கால், அவசரம் என்றால் எட்டு மடங்குக் கட்டணத்தில் லைட்னிங் கால். பிறகு தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத்கள் வந்தன. மாமா காலமான பின், அவருடைய தகரப் பெட்டியில் அந்த அட்டைகளும் தந்திகளும் கட்டுக்கட்டாக இருந்தன. 2013 சூலையில் நாட்டில் தந்திச் சேவையையே நிறுத்தியபோது, இதை யாராவது எழுதி வைக்க வேண்டுமே என்று தோன்றியது. கொரோனா ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது எழுத உட்கார்ந்தேன்.

ஊடகம் என்றால் பத்திரிகை, தொலைக்காட்சி, சினிமா மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். ஒரு செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு எந்த வழியில் போனாலும் அது ஊடக ஆய்வுக்குள் வரும். நம் வீடுகளில் இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், ரேடியோ லைசென்ஸ் புத்தகங்கள் எல்லாமே ஆய்வுப் பொருள்தான்.

முதல் முறை 2021-ல் அனுப்பினேன். ஆறே நாளில் திரும்பி வந்துவிட்டது. "எங்கள் விதிமுறைகளின்படி அமையாததால் மதிப்பீட்டுக்கு அனுப்ப இயலவில்லை" என்று இரண்டே வரி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடப் படிக்கவில்லை. எனக்குப் பொல்லாத கோபம். என் மகள்தான், "அப்பா, அவங்க கொடுத்த விதிமுறையை நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டாள். படிக்கவில்லை. அவள் அதை அச்செடுத்துக் கொடுத்தாள், பதினொரு பக்கம். என் கட்டுரையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது கோபம் வடிந்துவிட்டது. அவர்கள் கேட்டது 8,000 சொற்களுக்கு மிகாமல். நான் அனுப்பியது 14,000. பெயர் எங்கும் இருக்கக் கூடாது என்றிருந்தது. நான் ஒவ்வொரு பக்கத் தலையிலும் பெயரும் கடை விலாசமும் போட்டிருந்தேன். மாமாவுக்கு வணக்கம் சொல்லி ஒரு வெண்பாவும் முதல் பக்கத்தில் இருந்தது.

ஆகவே முதற்பாடம், எழுதத் தொடங்கும் முன்பே இதழைத் தேர்ந்துகொள்வது. அந்த இதழில் சமீபத்தில் வந்த நாலைந்து கட்டுரைகளைப் படித்துவிட்டு, விதிமுறைத் தாளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. ஒரே சரக்கை இரண்டு பேருக்குப் பேரம் முடிப்பது போன்ற குற்றம் அது.

இதில் ஒரு பெரிய ஏமாற்று வேலையும் இருக்கிறது. கட்டுரை திரும்பி வந்த வருத்தத்தில் நான் இருந்தபோது, கேட்காமலே ஒரு மின்னஞ்சல் வந்தது. 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே' என்று என்னை அழைத்து, பத்து நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு என்று எழுதியிருந்தார்கள். பருப்பு வியாபாரியைப் பேராசிரியர் என்கிறார்களே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பணம் கட்டும் கட்டத்தில், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் கல்லூரி ஆசிரியை ஒருவர் தடுத்தார். "அங்கிள், ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கறதாலே நல்ல இதழ்னு அர்த்தம் இல்லை. அது வண்டி நம்பர் பிளேட் மாதிரி. வண்டி ஓடுமாங்கறதை அது சொல்லாது." சரியான உவமை. எட்டு இலக்க எண் அது, தொடர் வெளியீடு எதற்கும் கிடைக்கும். நல்ல இதழ்களிலும் சில கட்டணம் வாங்குவதுண்டு என்பதால் பணம் கேட்பது மட்டுமே அடையாளம் ஆகாது. பத்து நாளில் மதிப்பீடு முடியும் என்று வாக்குக் கொடுப்பதுதான் அடையாளம். பல்கலைக்கழக மானியக் குழு 2019 முதல் 'கேர்' என்று ஒரு நல்ல இதழ்ப் பட்டியல் வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது கல்லூரிகளே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆகவே பிள்ளைகள் வழிகாட்டிப் பேராசிரியரைக் கேட்காமல் எங்கும் பணம் கட்ட வேண்டாம்.

இனிக் கட்டுரையின் அமைப்பு. எழுத்தளவு 12, இரட்டை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், பக்க எண், இவையெல்லாம் அரை மணி நேர வேலை. கணினி தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்தால் முடித்துவிடுவார்கள். கட்டுரையை இரண்டு கோப்புகளாகப் பிரித்து அனுப்ப வேண்டும். தலைப்பு, பெயர், முகவரி, நன்றியுரை ஒன்றில். பெயர் இல்லாத கட்டுரை மற்றொன்றில். இந்த இரண்டாவதில் நம்மை அறியாமல் நம்மைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள் பல உண்டு. 'என் மாமாவின் கடை' என்று எழுதியிருந்தேன், அது 'ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கடை' ஆயிற்று. நம்முடைய பழைய கட்டுரையை நாமே சுட்டினால் பெயருக்குப் பதில் 'ஆசிரியர்' என்று போட வேண்டும். வேர்டு கோப்பின் பண்புகள் பகுதியில் கணினிக்குச் சொந்தக்காரர் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் நீக்க வேண்டும். கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போட எனக்கு எதுவும் இல்லையே என்று கூச்சப்பட்டேன். சுயேச்சை ஆய்வாளர் என்று போட்டால் போதுமாம். ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை யார் வேண்டுமானாலும் இலவசமாக வாங்கலாம். எனக்கும் ஒன்று இருக்கிறது.

அடுத்தது சுருக்கம். இது 150 முதல் 250 சொற்கள். இதழுக்கு இதழ் மாறும். இதை எழுத எனக்குப் பதினைந்து நாள் ஆயிற்று என்றால் நம்புவீர்களா? சந்தையில் மூட்டையைக் குத்தி ஒரு பிடி 'நமூனா' எடுத்துக் காட்டுவோம். வாங்குகிறவர் மூட்டையைப் பார்ப்பதில்லை, அந்தப் பிடியைத்தான் பார்ப்பார். சுருக்கமும் அப்படித்தான். என்ன கேள்வி கேட்டேன், எதை வைத்து ஆராய்ந்தேன், என்ன தெரிந்தது, அதனால் என்ன என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். 'இக்கட்டுரை தந்தியின் முக்கியத்துவத்தை விளக்க முயல்கிறது' என்று நான் முதலில் எழுதியது நமூனா அல்ல, மூட்டை மேல் ஒட்டிய லேபிள். அதன் கீழே ஐந்தாறு குறிச்சொற்கள் வரும். தலைப்பில் இல்லாத சொற்களாகப் பார்த்துக் கொடுத்தால், தேடுபவர் கண்ணில் படும் வாய்ப்புக் கூடும்.

மேற்கோள் காட்டும் முறைதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. ஊடகத் துறையில் பெரும்பாலும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறையைக் கேட்கிறார்கள், 2019-ல் வந்த ஏழாம் பதிப்பு இப்போது வழக்கில் உள்ளது. வாசகத்துக்குள் எழுதியவர் பெயரும் ஆண்டும் வரும். முழு விவரம் கடைசியில் அகர வரிசையில் வரும். உள்ளே சொன்ன ஒவ்வொன்றும் கடைசியில் இருக்க வேண்டும், கடைசியில் உள்ள ஒவ்வொன்றும் உள்ளே வந்திருக்க வேண்டும். சிட்டையும் பேரேடும் போலத்தான், ஒன்றுக்கொன்று இசையாவிட்டால் கணக்கு நிற்காது. நம் பெயர்கள் இங்கே படாதபாடு படும். மும்பையில் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் 'சர்நேம்' கேட்டு நம்மை வதைப்பது உங்களுக்கெல்லாம் தெரிந்ததே. உ.வே.சாமிநாதையர் என்பதில் முதலெழுத்து ஊர், இரண்டாவது தகப்பனார் பெயர். கணினி மென்பொருளோ கடைசிச் சொல் எதுவோ அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஐயரவர்கள் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. 1887-ல் சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ப் பொருள் கேட்டு, ஐயம் தெளிந்து, ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து அச்சிட்டார். உதவியவரையும் ஏடு கிடைத்த இடத்தையும் பதிவு செய்யும் பழக்கம் நம் பதிப்பாசிரியர்களுக்குப் புதியதன்று. வெள்ளைக்காரன் விதி என்று இதை ஒதுக்குகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அனுப்பிய கட்டுரைகளை ஒரு மென்பொருளில் ஓட்டி, வேறு நூல்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார்கள். மானியக் குழுவின் 2018 விதிமுறையில் பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. என் கட்டுரையில் பதினான்கு காட்டியது. பெரும்பகுதி நூற்பட்டியலும் மேற்கோள் குறிக்குள் இருந்த வாசகங்களும்தான், அவை குற்றமில்லை. ஆனால் ஒரு பத்தி, வரிக்கு வரி ஓர் ஆங்கில நூலில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நூலகத்தில் படித்தபோது நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நூலின் பெயரை எழுதவில்லை. பிறகு அது என் சொந்த வாசகம் என்றே நினைத்துவிட்டேன். கள்ளாமை எங்கள் ஐந்து விரதங்களில் ஒன்று. சிறு வயதிலிருந்து பாடமாகச் சொன்னது, அறுபது வயதில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சறுக்கிவிட்டது. அன்று முதல் எதை நகலெடுத்தாலும் முதலில் நூல், பக்க எண், பிறகுதான் வாசகம்.

தமிழில் தட்டச்சு செய்தவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. என் பழைய குறிப்புகள் எல்லாம் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தன. என் கணினியில் அழகான தமிழ். மற்றவர் கணினியில் திறந்தால் கொம்பும் சுழியுமாகப் புரியாத ஆங்கிலக் குறிகள். ஒருங்குறிக்கு மாற்றாமல் எதையும் அனுப்பாதீர்கள். மாற்றிய பின்னும் ஒருமுறை கண்ணால் படியுங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருக்கும். ஆங்கிலக் கட்டுரையில் தமிழ்ச் சொல்லை எழுத இரண்டு வழிகள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறையில் ழகரத்துக்கும் றகரத்துக்கும் எழுத்தின் கீழே கோடு வரும். மற்றது நாம் வீட்டில் எழுதுவதுபோல் கோடில்லாமல் எழுதுவது. எதை எடுத்தாலும் கடைசிவரை ஒன்றாகவே இருக்க வேண்டும். நான் பாதியில் மாறிவிட்டு, முழுவதையும் திரும்பத் திருத்தினேன்.

படங்களை அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் வருடியெடுக்க வேண்டும். கைபேசியில் வாட்ஸ்அப் வழியாக வந்த படம் உதவாது. அட்டவணைக்கு எண்ணும் தலைப்பும் மேலே. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் எதையாவது பயன்படுத்தியிருந்தால் இப்போது பெரும்பாலான இதழ்களில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஆசிரியர் என்று அதன் பெயரைப் போட முடியாது.

2022-ல் வேறோர் இதழுக்கு இந்த முறைப்படி அனுப்பினேன். நாலு மாதம் கழித்து இரண்டு மதிப்பீடுகள் வந்தன. முதலாமவர் பாராட்டிச் சில திருத்தம் சொன்னார். இரண்டாமவர் ஒரே கேள்வியில் என்னை உலுக்கிவிட்டார்.

தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம் என்பதாலும், தந்தி ஆபீசில் யாரும் விலையைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதாலும், வியாபாரிகள் குறிச்சொல் வைத்திருந்தார்கள். மாமாவுக்கு அகோலாவிலிருந்து 'தகப்பனார் கவலைக்கிடம்' என்று தந்தி வந்தால், விலை சரிகிறது, கையிருப்பைத் தள்ளு என்று பொருள். 'சகோதரிக்கு நிச்சயம்' என்றால் விற்காதே, ஏறப்போகிறது. நான் கடைக்கு வந்த முதல் மாதம் அப்படியொரு தந்தியைப் பிரித்துவிட்டு, மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று அழுதுகொண்டு நின்றேன். அவர் படித்துவிட்டு, "அழுவாதடா, நாப்பது மூட்டையை முதல்ல வெளியே தள்ளு" என்றார்.

இதையெல்லாம் எழுதியிருந்தேன். இரண்டாமவர் கேட்டது இதுதான்: இது உண்மையிலேயே தகப்பனாரைப் பற்றிய தந்தி அல்ல, குறிச்சொல்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? நான் சொல்கிறேனே என்று மனம் துடித்தது. ஆனால் அவருக்கு நான் யார் என்றே தெரியாது. அவரிடம் இருப்பது கட்டுரை மட்டும்.

மீண்டும் பெட்டியைத் திறந்தேன். தந்திகளுக்குத் தேதி உண்டு. கடைச் சிட்டைக்கும் தேதி உண்டு. அந்தக் காலச் சிட்டைகள் பரணில் கறையான் அரித்தது போக எட்டு மிஞ்சியிருந்தன. தந்தி வந்த நாளை ஒரு பத்தியிலும், வாசகத்தை அடுத்ததிலும், அன்றும் மறுநாளும் விற்ற மூட்டைகளை மூன்றாவதிலும் எழுதினேன். ஒப்பிட முடிந்தவற்றில் மூன்றைத் தவிர எல்லாம் பொருந்தின. பொருந்தாத மூன்றையும் மறைக்காமல் அட்டவணையில் சேர்த்தேன். அவற்றில் ஒன்று உண்மையிலேயே ஒருவரின் தகப்பனார் இறந்த செய்தி. மாமா அன்று கடையடைத்திருக்கிறார். சிட்டையில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. நாற்பது ஆண்டுகளாக என்னிடம் இருந்த சிட்டையில் நான் பார்க்காத ஒன்றை, முகம் தெரியாத ஒருவரின் கேள்வி காட்டிவிட்டது. கட்டுரையிலேயே நல்ல பகுதி அந்த அட்டவணைதான்.

மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே எழுதி, அதன் கீழே என்ன செய்தோம், எந்தப் பக்கத்தில் என்று குறிக்க வேண்டும். ஏற்காததையும் ஏன் ஏற்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம்.

அவர் கேட்ட இன்னொன்றுக்குத்தான் எளிதில் விடை கிடைக்கவில்லை. தலால் ஒருவர் சொன்ன அனுபவங்களைக் கட்டுரையில் பல இடத்தில் எடுத்தாண்டிருந்தேன். ஏ.பி.ஏ. முறையில் இப்படி ஆய்வுக்காகப் பேட்டி கண்டவர்கள் நூற்பட்டியலில் வரமாட்டார்கள். கட்டுரைக்குள்ளேயே 'பேட்டி கொடுத்தவர்' என்று சொன்னால் போதும், பெயரும் வழக்கமாகத் தருவதில்லை. ஆனால் அவருடைய ஒப்புதல் வேண்டும். 2016-ல் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னவர் அவர். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், கையெழுத்து வாங்கத் தோன்றவில்லை. 2019-ல் காலமாகிவிட்டார். அவர் மகனிடம் போய், பெயரை எடுத்துவிட்டு வெளியிடுகிறேன், ஒப்புதல் கொடுங்கள் என்றேன். அவருக்கு வருத்தம். "பேரை ஏன் எடுக்கணும்? எங்கப்பா திருடினாரா? நாப்பது வருஷம் அந்தச் சந்தையிலே நின்னவர். பேரோட போடுங்க, இல்லேன்னா வேணாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இதழாசிரியருக்கு எழுதினேன். குடும்பத்தாரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு, நன்றியுரையில் முழுப்பெயர் போடலாம், உள்ளே 'தலால் ஒருவர்' என்றே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மகன் கடிதம் கொடுத்தார். பிள்ளைகளே, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதும்போது அன்றைக்கே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தாத்தாதானே என்று விடாதீர்கள்.

2023 கடைசியில் அச்சுப்படி வந்தது. 48 மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும். இந்தக் கட்டத்தில் எழுத்துப் பிழை திருத்தலாமே தவிர, புதிதாக எதையும் சேர்க்க முடியாது. ஓரத்தில் பதிப்புத் துறையினர் 23 வினாக்கள் எழுதியிருந்தார்கள். ஆண்டு விடுபட்டது, அட்டவணைக் கூட்டல் ஒன்று தவறு என்று எல்லாம் நியாயமானவை. கடைசி வினா, நன்றியுரையில் தலாலின் பெயர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் இருக்கிறதே, எது சரி என்பது. இரவு பத்தரை மணிக்கு மகனுக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டுமே சரிதான் அண்ணே. ஒண்ணு ரேஷன் கார்டுலே இருக்கறது, இன்னொண்ணு கடை போர்டுலே அவரே எழுதினது" என்றார். போர்டில் இருந்ததையே போடச் சொல்லி அனுப்பினேன்.